கனவு வீடா, கூட இருந்த சனமா? பண்டாரவளைப் பக்கம் வீடு மாறுவோருக்கு முழுமையான வழிகாட்டி

பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கத் தோட்டங்களில் இந்தப் பேச்சு நடக்காத லயம் இன்று குறைவு. கொழும்பில் கடை வேலைக்குப் போன மகனோ கட்டாருக்குப் போன மகளோ அனுப்பிய காசு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. டவுனுக்குப் பக்கத்தில் பத்து பேர்ச் காணி விலைக்கு வருகிறது. டைல்ஸ் தரை, பெரிய ஜன்னல், மேலே ஒரு மாடி, முன்னால் ரோசாச் செடி என்று மனதுக்குள் வீடு எழும்பிவிட்டது. ஆனால் அந்தக் காணியைச் சுற்றித் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சின்ன வயதிலிருந்து ஒரே இஸ்தோப்பில் உட்கார்ந்து கதைத்த கூட்டாளிகளும், அடுத்த காம்பராச் சித்தியும், பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த அக்காமாரும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

மற்ற ஊர்களில் இது வசதிக்கும் நட்புக்கும் நடுவிலான கேள்வி. மலையகத்தில் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. லயத்துக் காம்பரா நம் பெயரில் இல்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் இன்னொருவரின் சொல்லுக்குக் காத்திருந்த சனம் நாம். ஆகவே சொந்த வீட்டு ஆசையை வெறும் ஆடம்பரம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. அதே சமயம், அந்த லயத்தில் நாம் உண்டாக்கி வைத்த உறவு, எந்தக் கம்பனியும் கொடுத்ததல்ல; அதையும் எளிதில் கைவிட முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணும் உறுதியும் சரியாக இருக்கிற இரண்டு இடங்களில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலை வந்தால், வீடு சின்னதாக இருந்தாலும் உங்கள் ஆட்கள் நடந்து வரக்கூடிய இடத்தை எடுங்கள்.

படி 1: கனவை உடைத்துப் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, கனவு வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். வீட்டுக்காரரை மட்டும் கேட்காதீர்கள். வளர்ந்த மகளைக் கேளுங்கள், மாமியாரைக் கேளுங்கள், ஓ.எல். படிக்கிற பையனைக் கேளுங்கள்.

பதில்கள் ஆச்சரியப்பட வைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் இடத்தில், மகள் கேட்பது உடுப்பு மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையாக இருக்கும். பையன் கேட்பது பக்கத்துக் காம்பரா டீவிச் சத்தம் கேட்காமல் படிக்க ஒரு மேசை. மாமியாருக்கு ராத்திரியில் மழையில் நனையாமல் போக ஒரு கக்கூஸ். அடுப்படியில் நிற்பவருக்குப் புகை வெளியே போக ஒரு வழி. இன்னொன்றும் வரும்: தபால்காரர் நேரே வாசலுக்கு வரும் ஒரு முகவரி. தோட்ட ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்த கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எத்தனை வீட்டில் இருக்கிறது!

இவை முதல் பட்டியல். இதில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சனத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்பிள்ளை இன்னும் பத்து வருடம் சேலை மறைப்புக்குப் பின்னால் உடுப்பு மாற்ற வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மாடி, தூண், வளைவு, பெரிய கேட் எல்லாம் இரண்டாவது பட்டியலுக்குப் போகட்டும். அவை பிறகும் வரலாம், வராமலும் போகலாம். இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். தோட்டங்களில் இந்திய உதவியோடு கட்டப்படும் 550 சதுர அடி வீட்டுக்குள்ளேயே முதல் பட்டியல் முழுவதும் அடங்கிவிடும். டவுன் காணியின் பெரும் செலவு இரண்டாவது பட்டியலுக்குத்தான் போகிறது.

படி 2: பெயர்களை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

"நம்ம சனம்" என்று பொதுவாக நினைக்காமல், வேலையைச் சொல்லிப் பெயர் எழுத வேண்டும். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் யாரைத் தட்டி எழுப்புவீர்கள்? சம்பளத்துக்கு முந்தின கிழமை ஐந்நூறு ரூபாய் யாரிடம் கூச்சமில்லாமல் கேட்பீர்கள்? ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைக்கு நீங்கள் வரும்வரை சோறு போடுவது யார்? மனசு சரியில்லாத நாளில் காரணம் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்?

பிறகு, சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். லயத்தில் நடுச்சாமத்தில் ஓர் உயிர் போகிறது. முதல் அழுகைச் சத்தத்துக்கே நாலு கதவு திறக்கும். ஒருவர் பாயையும் விளக்கையும் கொண்டுவருகிறார். இரண்டு பெண்கள் பெரிய பானையைக் கழுவித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். இளந்தாரிகள் டோர்ச் லைட்டோடு மண்வெட்டிக்குப் போகிறார்கள். யாரோ ஒருவர் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் போன் எடுக்கிறார். தப்புக்குச் சொல்ல இன்னொருவர் மேட்டு லயத்துக்கு ஏறுகிறார். செத்தவரின் மனைவி எதையும் கேட்கவில்லை, யாரையும் ஏவவில்லை. விடிவதற்குள் எல்லாம் நடந்திருக்கும். இதைப் புதிதாக ஓரிடத்தில் உண்டாக்க எத்தனை வருடம் பிடிக்கும் என்று யோசியுங்கள்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹோல் என்ற ஆய்வாளர் 2018 இல் இதைக் கணக்கிட்டே பார்த்தார். அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராக மாற, சேர்ந்து கழித்த நேரம் 200 மணியைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்றார். தோட்டத்தில் அந்த மணிகள் பீலிக்கரையிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் தானாகச் சேர்ந்துவிடுகின்றன. மதில் கட்டிய டவுன் வீட்டில் ஒவ்வொரு மணியையும் தேடிப் போக வேண்டும்.

நமக்கு முன்னாலேயே இதை அனுபவித்த சனம் லண்டனில் இருந்தது. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் நெருக்கடியான பழைய வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களை, நகருக்கு வெளியே தோட்டமும் குளியலறையும் உள்ள புது வீடுகளுக்கு அரசாங்கம் மாற்றியது. மைக்கல் யங், பீட்டர் வில்மொட் இருவரும் அந்தச் சனத்தோடு பேசி 1957 இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாயையும் சகோதரியையும் நாள்தோறும் கண்டு பழகிய பெண்கள், கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கும் நிலைக்கு வந்தார்கள். ஆய்வாளர்கள் கண்டதைவிட நமக்கு முக்கியமானது அதன் காரணம். ஆட்களை ஒவ்வொரு குடும்பமாகப் பெயர்த்தார்கள். உறவை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை.

நம் வரலாற்றிலேயே இதைவிடக் கொடுமையானது நடந்திருக்கிறது. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரு சகோதரன் நமுணுகுலையில் நிற்க இன்னொருவன் கோத்தகிரிக்குக் கப்பலேறினான். ஒரே லயத்துக் கூட்டாளிகள் திரும்பக் காணாமலே செத்தார்கள். அவர்களை யாரும் "எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்கவில்லை. இன்று கேட்க ஆளில்லாவிட்டாலும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள முடிகிறது. அதனால்தான் இந்தப் படியில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். லயம் சொர்க்கமில்லை. குடித்துவிட்டு வந்து கத்துகிறவர், பீலியடிச் சண்டை, பெண்பிள்ளையின் கையிலுள்ள போனைப் பற்றிய வம்பு, சாதி சொல்லிப் பார்க்கும் பார்வை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. யாரிடமிருந்து விலகப் போகிறீர்களோ அந்தப் பெயரையும் கொப்பியின் மறுபக்கத்தில் எழுதுங்கள். மறுபக்கம் நிறைந்து முன்பக்கம் வெறுமையாக இருந்தால் டவுனுக்குப் போங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. சில பெண்களுக்கு அந்த இடமாற்றம்தான் உயிர்.

படி 3: மலையைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்

சனத்தோடு இருப்பது எவ்வளவு பெரிய விஷயமானாலும், சரிகிற மலையில் சேர்ந்து இருக்க முடியாது. இந்த ஒரு விடயத்தில் நட்பு, கனவு இரண்டும் பின்னுக்குப் போக வேண்டும்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் நடந்ததை ஊவாவில் யாரும் மறந்திருக்க முடியாது. லயங்களோடு கோவிலும் மண்ணுக்குள் போனது. ஸ்கூலுக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை வந்திருந்தது. சனம் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள், போக எந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். உயிர் தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கையளிக்கப்பட 2016 ஆகிவிட்டது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் லயங்கள் மேல் மண் வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் பட்டது எல்லோரும் கண்டது.

ஆகவே தோட்டமோ டவுனோ, எந்தக் காணியாக இருந்தாலும் முற்பணம் கொடுப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையைப் பெறுங்கள். பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாய வரைபடம் போடும் வேலை 1990 இலேயே தொடங்கியது. உங்கள் காணி எந்த வலயத்தில் விழுகிறது என்று கேட்டால் சொல்வார்கள். "பக்கத்துக் காணிக்கு எடுத்தாச்சு, அதுவே போதும்" என்று புரோக்கர் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. மரங்களும் லைட் போஸ்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா? இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று வந்திருக்கிறதா, இருந்த ஊற்று கலங்கி வருகிறதா? பக்கத்து வீட்டுக் கதவு முன்பு மாதிரி சாத்த முடியாமல் இறுகுகிறதா? காணிக்குப் பின்னால் எவ்வளவு உயரத்துக்கு மண்ணை வெட்டியிருக்கிறார்கள்? டவுனில் புதிதாக வெட்டிச் சமப்படுத்தி விற்கும் துண்டுகளில் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். பார்க்கப் பளிச்சென்று இருக்கும் தட்டையான காணி, மேலே பத்தடிச் செங்குத்து மண்சுவரோடு வரும்.

காணியை இரண்டு காலத்தில் பார்க்க முடிந்தால் நல்லது: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை, கச்சான் வீசும் ஆடி, ஆவணியில் ஒருமுறை. முதலாவது மண்ணைக் காட்டும். இரண்டாவது தண்ணீரைக் காட்டும்.

படி 4: தண்ணீர்

பண்டாரவளைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உமா ஓயா சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் இறங்க, மேலே கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர் பிளந்தது. 2017 ஜூனில் சனம் பண்டாரவளைத் தெருவை நிறைத்துப் போராடியது அதற்காகத்தான். ஆசையாகக் கட்டிய பல வீடுகள் அன்று வெடிப்போடு நின்றன.

காணிக்குப் பக்கத்தில் உள்ள மூன்று வீட்டிலாவது ஏறி, "கச்சான் காலத்தில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? குழாயில் கிழமைக்கு எத்தனை நாள் வரும்?" என்று கேளுங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள். பழைய வீட்டையே வாங்குவதானால், புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

படி 5: உறுதி யார் பெயரில்?

தோட்டக் காணி அரசுடையது. 1992 இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. குத்தகை 2045 வரை. ஆகவே லயத்துக்குப் பக்கத்தில் நீங்களாகவே ஓர் அறையை இழுத்துக் கட்டி, தரைக்கு டைல்ஸ் பதித்து, பாத்ரூம் வைத்தாலும் சட்டப்படி அது உங்களுடையதாகாது. சனத்தோடு இருக்கிறோம் என்ற ஆறுதலில் வெளிநாட்டுக் காசு முழுவதையும் லயத்துச் சுவரில் போட்டவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: தோட்டத்துக்குள்ளேயே தனி வீடும் காணியும். முன்பு 7 பேர்ச் என்று கொடுத்தார்கள். இப்போது 10 பேர்ச் என்கிறார்கள். நரேந்திர மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீட்டுத் திட்டத்தின் கீழ், 2025 ஒக்டோபர் 12 இல் பண்டாரவளையிலேயே 2,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. உங்கள் பெயர் அந்த வரிசையில் இருந்தால், டவுன் காணிக்கு முற்பணம் கொடுக்கும் அவசரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆனால் கையில் உள்ள தாள் எதுவென்று பிரதேச செயலகத்தில் காட்டித் தெளிவாகக் கேளுங்கள். மேடையில் கொடுத்த பத்திரம் வேறு, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி வேறு.

வெளியே வாங்குவதானால், நொத்தாரிசு மூலம் குறைந்தது முப்பது வருடப் பதிவைத் தேடிப் பாருங்கள். அளிப்புப் பத்திரக் காணிகளைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்க முடியாது. ஜயபூமி, சுவர்ணபூமி என்று வருபவை இந்த வகை. பிரிக்காத பங்குக் காணியா என்று கேளுங்கள். வாகனம் வரும் பாதை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்ன பாதை, விற்றவர் செத்ததும் வேலியாகிவிடும்.

காசைப் பற்றி ஒரே வார்த்தை. ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடச் சேவையும் 300,000 ரூபாய்க்கு மேல் மீதியும் உள்ளவர்கள், 30 வீதம் வரை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்கலாம். ஆனால் அது வயதுபோன காலத்துச் சோறு. முதல் பட்டியலுக்கு மட்டும் தொடுங்கள்.

படி 6: தூரத்தைக் காலால் அளக்கவும்

"ஆறு கிலோமீற்றர்தானே, பத்து நிமிசம்" என்பது பகலில், வெயிலில், சொந்த வண்டியில் இருக்கிறவரின் கணக்கு. மழை பெய்யும் ஒரு மாலையில், ஏழு மணிக்கு, புது இடத்திலிருந்து தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஐஸ்லபிக்கோ நாயபெத்தைக்கோ பூனாகலைக்கோ அந்த நேரத்தில் வர ஓட்டோக்காரர் எவ்வளவு கேட்கிறார்? சந்தியில் இறங்கி மேட்டில் எவ்வளவு நடக்க வேண்டும்? எழுபது வயது அம்மாவால் முடியுமா?

நேர்மாறாகவும் அளக்க வேண்டும். தோட்டத்தில் நின்றால் ஆஸ்பத்திரிக்கும், ஏ.எல். வகுப்புக்கும், வேலைக்கும் போய்வர என்ன ஆகிறது? புரூனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பார்த்தார்கள். நாளும் நீண்ட தூரம் வேலைக்குப் போய்வருகிறவர்களின் மனநிறைவு குறைவாக இருந்தது. நல்ல வீடும் நல்ல சம்பளமும் அந்தக் குறையை ஈடுசெய்யவில்லை. ஸ்கூல் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் ரோட்டில் போகிறதென்றால், அதைச் சனத்துக்காகச் சகித்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் அளவுகோல் எளிது. படி 2 இல் எழுதிய பெயர்களில் இரண்டு பேராவது, யாரிடமும் வண்டி கேட்காமல், இருட்டினாலும் உங்கள் வாசலுக்கு வர முடிய வேண்டும். முடிந்தால் அது பக்கம். முடியாவிட்டால் எத்தனை கிலோமீற்றர் குறைவாக இருந்தாலும் தூரம்தான்.

படி 7: ஒரு குடும்பமாகப் போகாதீர்கள்

பெரும்பாலானோர் இந்த வழியை நினைத்தே பார்ப்பதில்லை. காணி வாங்குவதை ரகசியமாக வைத்து, உறுதி எழுதிய பிறகுதான் லயத்தில் சொல்கிறோம். கண்பட்டுவிடும், விலை ஏறிவிடும், கடன் கேட்பார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் அந்த மௌனத்தால்தான் ஒரு குடும்பம் கினிகமவிலும் இன்னொன்று தியத்தலாவையிலும் மூன்றாவது வெலிமடை ரோட்டிலும் போய்த் தனித்தனியே குந்துகிறது.

உங்களைப் போலவே காசு சேர்க்கும் இரண்டு குடும்பங்கள் உங்கள் தோட்டத்திலேயே இருக்கும். அவர்களிடம் பேசுங்கள். நாற்பது பேர்ச் காணியைச் சேர்ந்து பார்த்தால் பேரம் பேச முடியும். நில அளவையாளர், நொத்தாரிசு, அபாய அறிக்கை, தண்ணீர்க் குழாய் என்று பல செலவு பங்குபோகும். ஒரு நிபந்தனை: பிரித்து அளந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறுதி எழுதிய பிறகே அத்திவாரம் வெட்டுங்கள். கூட்டாளித்தனத்தை நம்பிப் பங்குக் காணியாக விட்டால், பிள்ளைகள் காலத்தில் அதுவே பகையாகும். எல்லைக் கல் போடும் நாளில் மூன்று வீட்டுப் பெண்களும் அங்கே நிற்கட்டும்.

படி 8: கட்டும்போது இஸ்தோப்பை விடாதீர்கள்

பிளான் கீறுகிறவர் முதலில் வெட்டுவது இதைத்தான். "ஹோலைப் பெருசாக்கலாம்" என்பார். வேண்டாம். பாதையைப் பார்த்தபடி, இரண்டு பேர் உட்காரும் அளவிலாவது ஒரு திறந்த இடம் இருக்கட்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் நடந்து 1950 இல் வெளியான ஓர் ஆய்வு, யாருக்கு யார் நண்பர் என்பதைக் குணத்தைவிட வாசல்களும் படிக்கட்டுகளும் எங்கே இருக்கின்றன என்பதே பெரிதும் தீர்மானித்ததாகக் காட்டியது. லயம் கட்டிய துரைமார் நம் நட்பை நினைத்துக் கட்டவில்லை. ஆனாலும் அந்த நீண்ட இஸ்தோப்பு எதிர்பாராமல் அந்த வேலையைச் செய்தது. மதிலை இடுப்பளவுக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

புது இடத்தில் பக்கத்து வீடு சிங்களக் குடும்பமாகவோ முஸ்லிம் குடும்பமாகவோ இருக்கலாம். குடிபோன முதல் கிழமையிலேயே பெண்கள் போய்க் கதைக்கட்டும்; தீபாவளி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கிராமத்து மரணாதார சமிதியில் பெயரைப் பதியுங்கள். அங்கே ஒரு சாவு வீட்டில் முதல் தடவை நாற்காலி தூக்கிக் கொடுத்த பிறகுதான் நீங்கள் அந்த ஊர்க்காரர்.

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் உங்கள் பெயரை வெட்டச் சொல்லாதீர்கள். சந்தாவை யாரிடமும் கொடுத்தனுப்பாமல், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே போய்க் கட்டுங்கள். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் வரிப்பணத்தோடு ஆளாகவும் நில்லுங்கள்; காமனுக்குக் கம்பம் நடும் நாளுக்கு லீவை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.